சீவரத்தினம் மாஸ்டரின் சுண்ணாம்பு வத்தை

“உன்ரை கால் தண்ணிக்குள்ளை கிடக்கு. இழு உள்ளுக்கு.”

சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நீண்டிருந்த பாதத்தைச் சீவரத்தினம் மாஸ்டர் குடைநுனியால் தட்டினார். பாதத்துக்கு உரியவன் அதை இழுத்து மடக்கிக்கொண்டான். மூன்று முறை தட்டு வாங்கியவன் கடலில் விழுந்தவனாகக் கருதப்படுவான். எழுந்துபோய் வேப்பமரத்தின் கீழ் நிற்கவேண்டும். அன்றைக்கு ஏற்கெனவே நான்கு பேர் மரத்தின் கீழ் நின்றார்கள். அவர்களில் ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம், “நேற்று அப்பரோடை உண்மையான கடலுக்குப் போட்டு வந்தனான். இண்டைக்குச் சுண்ணாம்பிலை விழுந்துபோனன்” என்று முறையிட்டது மாஸ்டரின் காதிலும் விழுந்தது. விழாததுபோல் நின்றார்.

பருத்தித்துறையில், கடலிலிருந்து கூப்பிடுதூரத்தில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று மாதமாக ஒரு வத்தை நிற்கிறது. பாய்க்கப்பல் ஓட்டுகிற முத்துக்குமாருத் தண்டையல் தன் வத்தையைக் கரையேற்றியிருந்தபோது அளவுநாடா பிடித்து அளந்து, முப்பத்தெட்டு அடி நீளத்துக்கு மாஸ்டரே சுண்ணாம்பால் கீறியது. மழை பெய்தால் அழிந்துபோகும். மறுநாள் மறுபடி கீறுவார். ஒருதரம் அளவு நான்கு அங்குலம் பிசகிவிட்டதென்று முழுவதையும் தென்னந்தும்பால் உரஞ்சி அழித்துவிட்டுத் திரும்பவும் கீறினார். எட்டாம் வகுப்புப் பெடியள் இருபத்திமூன்று பேரும் பள்ளி விட்டதும் அதற்குள் உட்காரவேண்டும். ஏறப் பழகவேண்டும், இறங்கப் பழகவேண்டும், சத்தி எடுக்கவும் பழகவேண்டும். காற்று வரும் பக்கம் முகத்தைக் கொடுத்துச் சத்தி எடுக்கக்கூடாது என்பதை மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக் குனிந்து செய்துகாட்டியபோது, பக்கத்தில் நடந்த பின்னேரச் சங்கீத வகுப்பு அரை மணி நேரம் தடைப்பட்டது.

“எல்லாம் முறைப்படி நடக்கோணும்” என்பது அவருடைய வாக்கு. காதில் பென்சில், கக்கத்தில் குடை, காலில் எந்நேரமும் மினுக்கிய சப்பாத்து. புவியியல் படிப்பிக்கிறார். உலகத்துக் காற்றுகள் எல்லாம் அவருடைய கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஓடும். பண்டத்தரிப்பில் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிற வீட்டிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டத்தோடு வந்த முதல் ஆள் அவர்தான். படிக்கிற காலத்தில் தண்ணீர் என்றால் அவருக்குக் கிணற்றுத் தண்ணீர். அதற்கு ஒரு அடியும் உண்டு, சுற்றிக் கட்டும் உண்டு. கடல் அப்படியில்லை. தொண்டைமானாற்றுப் பாலத்தைப் பஸ் கடக்கும்போது அவர் தண்ணீர் தெரியாத பக்கத்து ஆசனத்துக்கு மாறி உட்காருவார். இது கொண்டக்டருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். யாரும் பேசிக்கொள்வதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பிள்ளைகளைக் கடலில் அனுப்பும் எண்ணம் தோன்றியது. ஒருநாள் வகுப்பில் வடகரையின் படத்தைக் கீறிக்கொண்டிருந்தார். அயல்வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்வதுபோல ஒரு பெடியன், “சேர், உதிலை பார் கிடக்கிறதை விட்டிட்டியள்” என்று, பார் என்கிற கடற்பாறை இருக்கவேண்டிய இடத்தைப் படத்தில் சுட்டிக்காட்டினான். புத்தகத்தைப் பார்த்தார். புத்தகத்திலும் அது இல்லை. தான் கண்ணால் காணாத கரையைப் பத்து வருடமாகக் கீறிக்கொண்டிருப்பது அன்றைக்கு அவருக்கு உறைத்தது. கடலில் இருந்துகொண்டு பிள்ளைகள் தங்களுடைய ஊரைத் தாங்களே பார்த்துக் கீறவேண்டும் என்று முடிவு செய்தார். சித்திரை விடுமுறைக்கு முன் வருகிற சனிக்கிழமை, கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்றில் பருத்தித்துறையில் பாய் விரித்தால் மத்தியானத்துக்குள் காங்கேசன்துறை. சாப்பாடும் சாமான்களும் பஸ்ஸில் வரும். பின்னேரம் எல்லோரும் அதே பஸ்ஸில் திரும்பலாம். திட்டத்தில் ஒரு சின்ன வரி மட்டும் பென்சிலால் மெலிதாக எழுதியிருந்தது: ‘பொறுப்பாசிரியர், பஸ்ஸில்.’

தண்டையல் ஒருநாள் வந்து தன் வத்தையின் சுண்ணாம்புப் பிரதியைச் சுற்றிப் பார்த்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

“வடிவாய்த்தான் கிடக்கு மாஸ்டர். காத்தை எங்கை கீறியிருக்கிறியள்?”

மாஸ்டர் குடையை விரித்துக் கிழக்கே பிடித்துக் காட்டினார். தண்டையல் சிரிக்காமல் தலையாட்டியது பெரிய மனது.

வில்லங்கம் வந்தது கடலால் அல்ல. முறைப்படி நடக்கவேண்டும் என்று மாஸ்டரே எழுதி, றோனியோவில் இருபத்திமூன்று பிரதி எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பிய கடதாசியால் வந்தது. ‘வத்தை கவிழ்ந்தோ மூழ்கியோ என் பிள்ளைக்கு உயிராபத்து நேரிடின் பாடசாலை அதற்குப் பொறுப்பல்ல என்பதை இத்தால் ஒப்புக்கொள்கிறேன்.’ கீழே ஒரு புள்ளிக்கோடு, தாய் அல்லது தந்தை கையொப்பமிட.

ஊருக்கு உட்பக்கத்துத் தோட்டக்காரரின் பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களுடைய கடதாசிகள் மறுநாள் காலையே கையெழுத்தோடு வந்தன. காணி உறுதியிலும் வேலி வழக்கிலும் பழகிய கைகள் அவை. புள்ளிக்கோட்டைக் கண்டால் நிற்கமாட்டா. ஒரு தகப்பன் முத்திரையும் ஒட்டியிருந்தார். கரையோரத்துப் பெடியள் பன்னிரண்டு பேர். அவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

“அம்மா மறந்துபோனா சேர்.”

மறுநாளும் பன்னிரண்டு அம்மாவும் மறந்துபோனார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

அதிபர் மாஸ்டரைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்திமூன்று வீட்டுச் சம்மதமும் மேசைக்கு வராவிட்டால் பயணம் இல்லை என்றார். தண்டையலுக்கும் அந்த ஒரு சனிக்கிழமைதான் ஓய்வு. திங்கட்கிழமை சரக்கேற்றிக்கொண்டு போனால் வத்தை எப்போது திரும்புமென்று யாருக்கும் தெரியாது. காற்றும் அதற்குள் மாறிவிடும். அன்றைக்குப் புதன்கிழமை.

கரையார் கடலுக்குப் பயப்படுகிறார்கள் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயத்துக்கு மருந்து விளக்கம்தானே. அலையின் உயரம், காற்றின் வேகம், ஒரு தலைக்கு எத்தனை மிதவை என்று இரண்டு பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டு பின்னேரம் கடற்கரைக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இறங்கினார்.

முதல் படலையடியில் நின்றுவிட்டார். படலைக்கு வெளியே, வேலியோரமாக ஒரு முருகைக்கல். கல்லுக்குக் கீழே அவருடைய கடதாசி. அடுத்த வீட்டுப் படலையடியிலும் ஒரு கல், ஒரு கடதாசி. எட்டிப் பார்த்தார். ஒழுங்கை நெடுக அப்படியே கிடந்தது. காற்றில் எல்லாக் கடதாசிகளும் ஒரேமாதிரி ஓரம் அடித்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது வீடு குணலட்சுமியுடையது. வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் தியாகலிங்கத்தின் தாய். முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்கோ மாஸ்டர். கடதாசியை மிதியாமல் வாங்கோ.”

“ஏன் பிள்ளை, இதை வெளியிலை வைச்சிருக்கிறியள்?”

“உள்ளுக்கு எடுக்கேலாது. எறியவும் ஏலாது, எழுத்தெல்லோ. அதுதான் எல்லாருமாய்க் கல்லை வைச்சம்.”

மாஸ்டர் குறிப்பைப் பிரித்தார். பயப்படத் தேவையில்லை என்று தொடங்கி, அலையின் உயரத்தைச் சொல்லி, மிதவைக்கு வந்தபோது குணலட்சுமி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

“கடலுக்கு ஆர் பயம்? என்ரை பெடியன் ஏழு வயதிலை தேப்பனோடை போனவன். எங்களுக்கு உங்கடை கடதாசிக்குத்தான் பயம்.”

“அது சும்மா ஒரு முறைக்கு…”

“முறையோ? வள்ளம் வெளிக்கிடேக்கை எங்கை போறாய் எண்டு கூட நாங்கள் கேக்கிறேல்லை. கேட்டால் சகுனம் பிழைச்சுதெண்டு அண்டைக்கு வலையைத் திரும்ப வீட்டை கொண்டுவந்திடுவினம். நீங்கள் கேக்கக்கூடாததை எல்லாம் முத்துமுத்தாய் எழுதி, அதுக்குக் கீழை பெத்தவள் கையெழுத்துப் போடு எண்டு விட்டிருக்கிறியள். கலியாண வீட்டு வாசலிலை நிண்டு செத்தவீட்டுச் செலவு ஆர் பொறுப்பு எண்டு கேப்பியளோ?”

பக்கத்து வேலிக்கு மேலால் ஒரு சிரிப்புக் கேட்டது. மாஸ்டருக்குக் காது சிவந்தது. குனிந்து கல்லை நகர்த்தித் தன் கடதாசியை எடுத்தார். புழுதியைத் தட்டிவிட்டு வாசித்தார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வசனத்தை ஒரு தாயின் வீட்டு முற்றத்தில் நின்று அவர் இதற்குமுன் வாசித்ததில்லை. பண்டத்தரிப்பில் தன் தாய் என்றால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருப்பாள், மகன் நீட்டிய கடதாசி என்பதற்காக. அது சரியா என்று அவர் நினைத்துப் பார்த்ததும் அன்றைக்குத்தான். ஒழுங்கை முடியுமட்டும் நடந்து பன்னிரண்டு கல்லையும் நகர்த்திப் பன்னிரண்டு கடதாசியையும் பொறுக்கிக்கொண்டு திரும்பினார்.

வியாழக்கிழமை அதிபரிடம் போய், வசனத்தை மாற்றலாமா என்று கேட்டார். “ஆரோ ஒருத்தர் பொறுப்பெடுக்கோணும், சீவரத்தினம். அவ்வளவும்தான்” என்றார் அதிபர்.

அன்று பின்னேரம் மாஸ்டர் மறுபடி குணலட்சுமியின் படலையைத் திறந்தார். தன் கையாலேயே எழுதிய ஒரேயொரு தாளை நீட்டினார்.

‘இருபத்திமூன்று பிள்ளைகளையும் நானே கூட்டிக்கொண்டு போய், சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு நானே கூட்டிக்கொண்டு வந்து வீடுகளில் சேர்ப்பேன்.’ கீழே அவருடைய முழுப்பெயர், பட்டத்தோடு.

குணலட்சுமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

“அஞ்சு மணி எண்டு போடாதேங்கோ. காத்துக்கு மணி தெரியாது. பின்னேரம் எண்டால் காணும்.”

மாஸ்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து ‘ஐந்து மணிக்கு’ என்பதை வெட்டினார்.

“இனி இது வீட்டுக்குள்ளை வைக்கிற கடதாசி,” என்றார் குணலட்சுமி. பிறகு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். “நானே எண்டு இரண்டு தரம் போட்டிருக்கிறியள். அப்ப வத்தையிலை நீங்களும் வாறியளோ, இல்லாட்டிக் காங்கேசன்துறையிலை நிண்டு எண்ணி எடுக்கிறியளோ?”

“சாப்பாடு பஸ்ஸிலை வருது. அதுக்கு ஒராள்…”

“சோத்துக்கு நமசிவாயம் காணும்.”

நமசிவாயம் பள்ளிக்கூடப் பியோன். சோற்றுக்கு அவன் போதும் என்பதை மாஸ்டராலும் மறுக்க முடியவில்லை. படலைக்கு வெளியே பார்த்தார். ஒழுங்கையின் முடிவில் அது நீலமாக, ஒரு கட்டும் இல்லாமல் கிடந்தது.

“ஓம்,” என்றார்.

“கேக்கேல்லை.”

“ஓம் பிள்ளை. வாறன்.”

குணலட்சுமி அவருடைய பென்சிலையே வாங்கி, அவருடைய பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். இருட்டுவதற்குமுன் மற்றப் பதினொரு பெயரும் சேர்ந்துவிட்டன. படலைவரை வந்த குணலட்சுமி, “தோட்டக்காரர் கையெழுத்து வைச்ச பழைய கடதாசியளை வத்தையிலை ஏத்திப்போடாதேங்கோ” என்று மட்டும் சொன்னார். “பைல் பள்ளிக்கூடக் கந்தோரிலைதான் கிடக்கும்” என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்தார். பட்டதாரி ஒருவர் கொடுக்கக்கூடிய வாக்கா அது என்று வழியில் யோசித்துப் பார்த்தார். கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குமுன் அந்தத் தாளும் தோட்டக்காரரின் பதினொரு கடதாசியும் அதிபரின் மேசைக்குப் போய்விட்டன. பிள்ளைகள் போனபின், மாஸ்டர் சுண்ணாம்பு வத்தைக்குள் தனியாக இறங்கி நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த நமசிவாயம் திறப்புக்கோர்வையைக் குலுக்கினான்.

“சேர், கரைக்கு வாங்கோவன். கேற்றைப் பூட்டோணும்.”

சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறாத நேரம். வத்தை பாருக்கு அப்பால் நின்றது. ஒரு சின்னத் தோணி ஐந்தைந்து பேராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய் அதில் விட்டது. தோட்டக்காரத் தாய்மார் திருநீற்றுப் பொட்டலமும் தேசிக்காயுமாக வந்து, ஒவ்வொருவனையும் மூன்று தரம் கூப்பிட்டு, மூன்று தரம் அழுதார்கள். கரையோரத் தாய்மார் ஒன்றும் கேட்கவில்லை. சந்தைக்குப் போகிற வழியில் நின்றவர்கள்போல ஒரு பக்கமாக நின்றார்கள். பிள்ளைகளில் ஒருவனும் சுண்ணாம்பு வத்தையில் பழகிய ஒழுங்கில் உட்காரவில்லை. தண்டையல் கையைக் காட்டிய இடங்களில் போய் இருந்தார்கள்.

கடைசித் தோணி மாஸ்டருக்காக நின்றது. ரோட்டில் பஸ்ஸும் நின்றது. சோற்றுக் கிடாரத்தை ஏற்றிவிட்டு, நமசிவாயம் கதவைத் திறந்து பிடித்தபடி குரலைத் தணித்தான்.

“சேர், முன்சீற் சும்மாதான் கிடக்கு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்.”

மாஸ்டர் கடலைப் பார்த்தார். தோணி சும்மா நின்ற இடத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. “கொண்டல் எழும்பிட்டுது மாஸ்டர்” என்று தண்டையலின் குரல் தண்ணீருக்கு மேலால் வந்தது. மாஸ்டர் திரும்பி, மணலில் புதைந்து புதைந்து பஸ்ஸடிக்கு நடந்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். கரையோரத் தாய்மார் வேறெங்கோ பார்த்தார்கள். குணலட்சுமி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸின் மிதிபலகையில் அவர் உட்கார்ந்தார். ஒரு சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். மற்றதையும் அவிழ்த்தார். காலுறைகளை உருட்டிச் சப்பாத்துகளுக்குள் வைத்தார். எழுந்து, அந்தச் சோடியை முன்சீற்றில் பக்குவமாக வைத்துவிட்டு, நமசிவாயத்தின் கையிலிருந்து கதவை வாங்கி வெளியே நின்று சாத்தினார்.