நீல நிற மூன்றாம் மாடி

ஒன்பது வயதில் நான் ஒரு கோயில் விமானம் கட்டினேன். கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வீட்டில் ஆளும் இல்லை. அம்மா தென்னேரியில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பகலெல்லாம் கழனியில் இருப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் கழனியில் இருக்கிறவர் மாதிரியே வாயைத் திறக்காமல் இருப்பார்.

தை அறுப்பு முடிந்த கையோடு நைனாவுக்கும் மாமாவுக்கும் ஏதோ பெரிய வாய்ச்சண்டை. மாமா அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நானும் பாவாடையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். "அதுக்குப் பள்ளிக்கூடம் கீது" என்று நைனா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதற்குப் பிறகு என் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் விசாரித்ததில்லை. ஒரு குழம்பு வைத்தால் மூன்று நாள் ஓட்டுவார். இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். அந்த வீட்டில் எனக்கு அழுகை வந்ததைவிட சலிப்புத்தான் அதிகம் வந்தது.

எங்கள் உத்திரமேரூரில் பெருமாள் கோயில் விமானத்துக்கு மூன்று மாடி. அம்மா என்னை மேலே வரை ஏற்றிக் காட்டியிருக்கிறாள். "கீய நிக்கிறாரு. கால் நோவுதுன்னு நடுவுல குந்திக்கிறாரு. மேல போயி நிம்மதியா படுத்துக்கிறாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த மூன்று மாடியையும் நான் கட்டி நிறுத்திவிட்டால் அம்மா திரும்பி வந்துவிடுவாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெருமாளிடம் சொல்லவில்லை. அவரை வேறு தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டேன்.

முதலில் ஏரிக் களிமண்ணில் கட்டினேன். ஈரத்தில் அழகாக இருந்தது. ஒரு வெயிலில் காய்ந்ததும் நாலாபக்கமும் வாய் பிளந்துகொண்டது. அடுத்த முறை ரைஸ்மில்லிலிருந்து உமி அள்ளி வந்து மண்ணோடு மிதித்தேன். வெடிப்பு நின்றது. சீப்பின் பல்லால் கீறித் தூண்கள் வரைந்தேன்; புளியங்கொட்டையை அழுத்தி வரிசையாக மாடங்கள் பதித்தேன். இரண்டு மாடி கம்பீரமாக நின்றது. மூன்றாவதை ஏற்றினால் நடுமாடி தொந்தி தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நான்கு முறை ஏற்றினேன், நான்கு முறையும் உட்கார்ந்தது. அன்றைக்கு மண் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சத்தமாகவே அழுதேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

மேல்மாடிக்குக் கனம் கூடாது என்று பிறகுதான் உறைத்தது. எங்கள் தெருப் பெண்கள் பழைய காகிதத்தை வெந்தயத்தோடு ஊறவைத்து அரைத்து, பானையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் கூடை செய்வார்கள். காய்ந்தால் பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் அசையாது. வெந்தயம் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலேயே இருந்தது. காகிதத்துக்குத்தான் வழியில்லை. எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வராது. என் நோட்டுகளிலோ பாதிதான் எழுதியிருந்தேன்.

சுவரில் ஒரு கம்பி தொங்கும். வருகிற கடிதம், ரசீது எல்லாவற்றையும் நைனா அதில் குத்திவைப்பார். எல்லாவற்றுக்கும் மேலே நான்கு நீல இன்லண்ட் கடிதங்கள் இருந்தன. அனுப்புநர் இடத்தில் மாமா பெயர். ஒன்றைக்கூட நைனா பிரிக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாதவர் எழுதிய கடிதம் யாருக்கு வேண்டும்? ஒட்டியது ஒட்டியபடியே நான்கையும் கிழித்து ஊறப்போட்டேன். அம்மியில் அரைத்துச் சொம்பின் முதுகில் அப்பி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். வெளிர் நீலத்தில் ஒரு மூன்றாம் மாடி கிடைத்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நைனா உள்ளே வந்தார். என் கையிலிருந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பார்த்தார்.

"படிச்சியா?"

"இல்ல நைனா. பிரிக்கவே இல்ல."

அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டேன். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரில் குந்தினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம், "எங்க வெக்கணும், சொல்லு" என்று கேட்டார். அவர் பிடித்துக்கொள்ள, நான் சுற்றிலும் ஈர மண் பூசினேன். மூன்றாம் மாடி நின்றது. நைனாவுக்கு என் வேலை பிடித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் அம்மா வாசலில் வந்து நின்றாள். தங்க வந்தவள் மாதிரி கையில் துணிப்பை எதுவும் இல்லை. அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? இழுத்துக்கொண்டு போய் விமானத்தைக் காட்டினேன்.

"மேல மட்டும் இன்னா நீலமா கீது?"

"மாமா எய்தின லெட்டரும்மா. நைனா பிரிக்கவே இல்ல. அத்த அரைச்சிட்டேன்."

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்தாள். "இத்த எத்தினி நாளா துன்னுக்கினு கீறீங்க?" என்று கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் அப்புறம் போகவில்லை. எல்லாம் என் விமானத்தின் மகிமை என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கே ஒரு பெண் பிறந்த பிறகுதான் அந்தக் கடிதங்களைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல மாமாதான் எழுதினாராம்.

"நாலுலயும் ஒண்ணுதான். கொயந்தைய எங்கிட்ட அனுப்பிடுன்னு."

"நைனாதான் படிக்கவே இல்லியே."

"இன்னா எய்திருக்கும்னு அந்த மனுசனுக்குத் தெரியும்மா. பிரிச்சா உன்ன அனுப்பணுமே."

அந்த வீட்டில் நான் ஒருத்திதான் தனியாக இருந்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று மூன்றாம் மாடியைப் பிடித்திருந்தபோது நைனா அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே போட்டுவிடப் போகிறாரே என்ற பயத்தில் நான்தான் அவரை அதட்டினேன்: "கெட்டியா புடி நைனா!"