முதலாம் படத்துச் சனம்

வீடியோ டெக் சூடாகும்போது ஒரு மணம் வரும். தூசியும் பிளாஸ்டிக்கும் கருகப்போகிற மணம். நாங்கள் ஒஸ்லோவில் அம்மருட்டுக்கு வந்த முதல் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்த மணம்தான் இருந்தது.

டெக்கையும் 'படக்கொப்பி' என்கிற வீடியோக் கசற்றுகளையும் அப்பா 'லொப்பமார்க்கட்'டில் எடுத்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்பார்கள். மூடுகிற நேரம் பார்த்துப் போனால், ஒரு பையைத் தந்து நிரப்பிக்கொண்டு போ என்று விட்டுவிடுவார்கள். மட்டையில் கொம்பும் நெருப்புமாக இருந்ததைப் பார்த்து, கோயில் சூரன் போர் மாதிரி ஏதோ என்று அப்பா அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். போட்டுப் பார்த்தால் யப்பான் படம். கடலுக்குள்ளிருந்து மலை போல ஒரு மிருகம் எழும்பி வந்து பட்டணத்தை மிதிக்கும். முதுகெல்லாம் பலாப்பழ முள்ளு. மிருக உடுப்புக்குள்ளே ஆள் நிற்பது நன்றாகத் தெரியும். அதே மிருகத்தை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த வரிசைப் படங்கள் அவை. பையில் முதலாவது படமும் பின்னால் வந்தவை சிலவும் இருந்தன. முதலாவது கறுப்பு வெள்ளை.

அந்த நாட்களில் என் தங்கச்சி கதைப்பதில்லை. அவளுக்கு ஐந்து வயது, எனக்கு எட்டு. ஊரில் அவள் வாயாடி. அப்பா முதலே நோர்வேக்கு வந்துவிட்டதால் அம்மாதான் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தார். வழியில் எங்கேயோ அவளின் கதை நின்றுபோனது. 'பார்னஹாகே' என்கிற பாலர் பள்ளி ரீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை இப்படியே இருந்தால் மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் விடமுடியாது, வேறு இடம் பார்க்கவேண்டும் என்றார். அம்மா வீட்டில் பாத்திரத்தை ஓங்கி வைத்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் முதலாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. மிருகம் கரைக்கு வந்தது. சனம் றோட்டில் மூட்டை முடிச்சோடு ஓடியது.

"உள்ளுக்கை நிக்கிறவனுக்கு வேர்த்திருக்கும்" என்றார் அப்பா.

தங்கச்சி எழும்பி ரீவிக்குக் கிட்டப் போனாள். இரண்டு கையையும் கீழே அமர்த்திக் காட்டிக் கத்தினாள்.

"ஓடாதேங்கோ! குப்புறப் படுங்கோ! எல்லாரும் குப்புறப் படுங்கோ!"

குண்டு போட பொம்மர் வரும்போது ஊரில் அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்தது அது. படத்தில் ஒருவரும் படுக்கவில்லை. அவள் ரீவியில் அடித்து அழுதாள். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றார். அப்பா படத்தைப் பின்னுக்கு இழுத்து அதே இடத்தைத் திரும்பப் போட்டார். அவள் திரும்பவும் கத்தினாள்.

படம் பார்த்தால் பிள்ளை கதைக்கும் என்று அப்பா மற்றக் கொப்பிகளையும் போட்டார். அது சரிவரவில்லை. பின்னால் வந்த படங்களில் அந்த மிருகம் நல்லதாகிவிடும். வெறுந்தீவில் வேறு மிருகங்களோடு மல்லுக்கட்டும். சனம் தூர நின்று கை தட்டும். யாரும் ஓடமாட்டார்கள். தங்கச்சி வாயைத் திறக்கவில்லை.

"ஊரை எரிச்சதுக்கு உந்தச் சனம் ஏன் கை தட்டுது?" என்று கேட்டார் அம்மா.

"சூரன் கடைசியிலை மயிலாகேல்லையே?" என்றார் அப்பா.

"சூரனை வேல் பிளந்ததப்பா. இதை ஆர் பிளந்தது? தானா நல்லவனாகீட்டுதாம்."

அப்பா கொப்பியை வெளியே எடுத்தார். பழையபடி முதலாவது படமே ஓடியது. பின்னேரங்களில் அவள் ரீவிக்கு முன்னால் நின்று சனத்துக்குக் கட்டளை போட்டாள். பாலத்தில் நிற்காதே என்றாள். மூட்டையைப் போடு என்றாள். எங்களோடு மட்டும் ஒரு சொல் இல்லை.

குளிர் முடியும் காலம் ஒரு நாள் நான் ரீவிக்கு முன்னால் போய் இருந்தேன். முதுகில் ஒரு உதை விழுந்தது.

"தள்ளியிரடா மாடு. மறைக்குது."

வேறு நாளென்றால் அண்ணனை மாடு என்றதற்கு அம்மா அகப்பையோடு வந்திருப்பார். அன்று, "தள்ளியிரன், பிள்ளை சொல்லுறாளெல்லே" என்று எனக்குத்தான் பேச்சு விழுந்தது. அந்தக் கோடை முடிய அவள் மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போனாள்.

அந்தக் கொப்பி தேய்ந்து கோடு விழுந்து ஒரு நாள் டெக்குக்குள் சிக்கி அறுந்தது. பிறகு டெக்கும் போனது. அந்தப் பட வரிசை மட்டும் நிற்கவில்லை. இந்த வருடமும் ஒரு புதுப் படம் ஒஸ்லோத் தியேட்டருக்கு வந்தது. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இப்போது ஆஸ்பத்திரியில் வேலை. நாள் முழுக்க நொஸ்க் மொழியில் வாய் ஓயாமல் கதைப்பதுதான் அவளின் வேலை. திரும்பவும் முதலாவது படம் போலவே எடுத்திருந்தார்கள். மிருகம் கெட்டது. சனம் ஓடியது. நான் படத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். அவள் பொப்கோர்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னனிலை வீட்டை ஒரு கொப்பி இருந்ததே, கறுப்பு வெள்ளை. ஞாபகமிருக்கோ?" என்று கேட்டேன்.

"எந்தக் கொப்பி? எனக்கொண்டும் ஞாபகமில்லை அண்ணா. நீ படத்தைப் பார்."

அந்தக் காலத்துச் சாமான் ஒன்றும் இப்போது எங்களிடம் இல்லை. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கவலைதான். அவள் மறந்துபோனதற்கு மட்டும் எனக்குக் கவலையில்லை.