பெட்டிகள் எழுந்திருக்கவில்லை

பெட்டிகள் எழுந்திருக்கவில்லை. என் நோய்க்கு முதல் குறி அதுதான். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. முற்றத்துக் கொடியில் போட்ட போர்வை தட்டையாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

எது பெட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தார். வெட்டி மிஞ்சிய துணிகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் அவற்றை ஒட்டித் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வையாக்குவேன். ஒரு தடவை ஒரு பெரிய வீட்டுக்குத் திரை அளவெடுக்கப் போனார். அங்கே தரையில் புதுமாதிரிக் கல் பதித்திருந்தார்கள். படி இருக்கிறதென்று காலைத் தூக்கி வைத்திருக்கிறார். படி இல்லை, சமதரை. கல்லின் நிறம் அப்படிக் காட்டியிருக்கிறது. வீட்டு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். வந்ததும் கரித்துண்டால் வரைந்து காட்டினார்.

"இது துணியில வருமா?" என்றார்.

"வரும்" என்றேன்.

சீட்டுக்கட்டு டைமன் மாதிரி மூன்று துண்டு. வெள்ளை, நீலம், கறுப்பு. மூன்றையும் ஒரு முனையில் சேர்த்தால் ஒரு பெட்டி. வெள்ளை மேல்மூடி, நீலம் ஒரு பக்கம், கறுப்பு நிழல் பக்கம். அப்படி நூற்றுக்கணக்கில் சேர்த்துக் கொடியில் போட்டு, பத்தடி பின்னால் போய்ப் பார்த்தால், அடுக்கி வைத்த பெட்டிகள் போல எழுந்து நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அதே பெட்டிகள் கவிழ்ந்து குழியாகும். கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கிப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் தடவிப் பார்த்துவிட்டு ஏமாந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தைத்து முடித்ததை உச்சி வெயிலில் கொடியில் போடுவது. நான் பின்னால் நடந்துபோய்ப் பார்த்து, "எந்திரிச்சிருச்சு" என்று சொன்ன பிறகே ஓரம் அடிப்பது. அதைச் சொல்கிறவள் நான் மட்டும்தான்.

துண்டு வெட்டுவது ஆமினா. வீட்டுக்காரரின் தம்பி மகள். தாய் தகப்பன் இருவரும் காலராவில் போனபோது அவளுக்கு ஏழு வயது. அன்று முதல் என்னிடம்தான். எனக்குப் பிள்ளை இல்லை. இதெல்லாம் நடந்தபோது அவளுக்குப் பதினேழு, எனக்கு நாற்பத்தைந்து இருக்கும்.

அன்று கொடியில் இருந்த போர்வையில் வெள்ளை தெரிந்தது. மீதி எல்லாம் கறுப்பு.

"அடியே, நீலத்துக்குப் பதிலா கறுப்பை வெட்டி வெச்சிருக்கே?"

"நீலந்தேன் பெரியம்மா. கையில எடுத்து வெயிலுக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க."

எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். இன்னும் மோசமாகத் தெரிந்தது. "பிரி" என்றேன். இரண்டு நாள் தையல். அவள் உட்கார்ந்து பிரித்தாள்.

அடுத்த போர்வையும் மத்தியானம் எழுந்திருக்கவில்லை. அன்று அந்தி சாயும் நேரம், கொடியிலிருந்து எடுக்கப் போனவள் நின்றுவிட்டேன். பெட்டிகள் நின்றன. இதே போர்வைதான். எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

"மத்தியானம் நான் கண்ணசந்த நேரத்துல மாத்தித் தெச்சுட்டியா?"

"இம்புட்டையும் ஒரு மத்தியானத்துல மாத்த நான் என்ன ஜின்னா பெரியம்மா?" என்று சிரித்தாள்.

அறைந்தேன். பத்து வருசத்தில் அதுதான் முதல் அடி.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். குற்றம் அவள் வேலையிலா, என் கண்ணிலா? என் கண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம் உண்டு. நாற்பது தாண்டியதிலிருந்து ஊசியைக் கைநீட்டித் தூரப் பிடித்துத்தான் நூல் கோத்தேன். அந்த வருசம் அது மாறியது. மூக்கடியில் வைத்து ஒரே தடவையில் கோத்தேன். குமரி மாதிரி பார்வை திரும்பிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படிப் பார்வை திரும்பினால் சந்தோசப்பட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தச் சமயத்தில் வில்லாபுரத்திலிருந்து ஆமினாவைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் நல்ல மாதிரி, சொந்தமாக வண்டி வைத்திருந்தான். அவனுடைய தாய் பேசி முடிக்க வந்த நேரம் உச்சிப் பொழுது. போர்வை கொடியில் கிடந்தது. அந்தம்மா பார்த்துவிட்டு, "என்ன அழகா இருக்கு, பெட்டி பெட்டியா!" என்றது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "பெட்டியா, எங்க இருக்கு? நீலமும் கறுப்பும் தெரியாம வெட்டி வெச்சிருக்கா. பிரிக்கணும்" என்றேன்.

"எனக்கு நல்லாத்தானே தெரியுது?"

"உங்களுக்கு என்ன தெரியும்? நான் இருவது வருசமாப் பாக்குறேன். இவளுக்கு நெறம் புடிபடல."

ஆமினா உள்ளே தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றும் சத்தம் நின்றது. அது எனக்கு இப்போதும் கேட்கிறது.

நாலாம் நாள் ஆள் வந்து சொல்லிப் போனான். கண் நொள்ளையான பெண் வேண்டாமாம். அந்தப் பேச்சு தெருவெல்லாம் போய்விட்டது. வேறு யாரும் வரவில்லை. அடுத்த வருசம் சோழவந்தானில் ஒருவருக்கு நிக்காஹ் செய்து கொடுத்தோம். அவருக்கு முதல் மனைவி இறந்து இரண்டு பிள்ளைகள். வயது என் வீட்டுக்காரரைவிடப் பத்துதான் குறைவு. சீராக ஒரு போர்வை கொடுத்தேன். அதற்கு நானே வெட்டி, நானே தைத்தேன். அவள் கை படக்கூடாது என்று சொன்னேன். அந்தியில் பார்த்து, "எந்திரிச்சிருச்சு" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் போன பிறகு விளக்கில் இரண்டு சுடர் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் வாசலில் யாரோ ஓர் ஆண் வந்து நின்றார். அன்னிய ஆள் என்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவுக மண்டபத்துக்குப் போயிட்டாக" என்றேன்.

"அடி, நாந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். சாப்பிடக்கூட இல்லை. குதிரைவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தது. புரை என்றது. (கண்மணிக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி மாதிரி ஒன்று இருக்கிறதாம். அது பழுத்து மங்கிப்போவதுதான் புரை.) பிறகு நான் சொல்லாமலே ஒவ்வொன்றாகக் கேட்டது.

"வெயில்ல மோசமாத் தெரியும், அந்தியில கொஞ்சம் தேவலையா இருக்கும், அப்படித்தானே?"

"ஆமா."

"நீலம் கறுப்பாத் தெரியுமே?"

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கிட்டப் பார்வை நல்லாருந்திருக்கும். ஊசி கோக்க வருதுன்னு ஏமாந்துட்டீங்க. அது புரை செய்யிற வேலை. எம்புட்டு நாளா இருக்கு?"

"ரெண்டு வருசமா" என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உடனே அறுக்க முடியாது என்றார்கள். புரை முற்ற வேண்டுமாம். முற்றுவதற்கு எட்டு மாதம் ஆனது. அதற்குள் ஒருத்தி நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்துவிடச் சொன்னாள், ஒருத்தி தாய்ப்பால் விடச் சொன்னாள். ஊசியால் குத்திப் புரையை உள்ளே தள்ளும் ஆள் ஒருவன் நாகமலைப் பக்கம் வருகிறான் என்றார்கள். எதற்கும் போகவில்லை. நீங்களும் போகவேண்டாம். குருடாகக் காத்திருப்பது ஒரு வேலை. அதைச் செய்தேன்.

வலது கண்ணை அறுத்தார்கள். மரத்துப்போக மருந்து விட்டார்கள். கத்தி வருவது தெரிந்தது, வலி தெரியவில்லை. பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல்பை வைத்தார்கள். பத்து நாள் அசையக்கூடாது, இருமக்கூடாது. குனியக்கூடாது என்பதால் தொழுகையும் படுத்த மேனிக்கு மனத்துக்குள்தான்.

கஞ்சி ஊட்ட ஆள் வேண்டும். பெண்கள் வார்டில் ஆண்களை நேரம் காலம் இல்லாமல் விடமாட்டார்கள். வீட்டுக்காரர் சோழவந்தானுக்குச் சொல்லி அனுப்பினார். ஆமினா ரயிலேறி வந்தாள். வந்ததும் நலம் கேட்கவில்லை. "வாயைத் தெறங்க" என்றாள்.

மூன்றாம் நாள் சொன்னேன்.

"ஆமினா, நீ வெட்டுனது நீலந்தேன்."

"எனக்குத் தெரியும்."

"நாந்தேன் வந்து..."

"பேசாதீங்க. தாடை ஆடக்கூடாதாம். உங்க வாயைக் கட்டிப்போட ஒரு டாக்டரு வர வேண்டியிருந்துச்சு பாருங்க."

பக்கத்துக் கட்டில் கிழவி குலுங்கிச் சிரித்துவிட்டாள். ஆயா ஓடிவந்து, "சிரிக்காத ஆத்தா, கண்ணு பிதுங்கிப்போகும்! இந்தப் புள்ளைய வெளிய அனுப்பணும்" என்று அவளைச் சத்தம் போட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "நான் குடுத்த போர்வை இருக்கா?"

"இருக்கு. சின்னவன் அதுலதேன் படுத்து மூத்திரம் பேயிறான்." கரண்டி கிண்ணத்தில் உரசியது. "அதுல நீலமும் கறுப்பும் மாறிக் கெடக்கு, ஒரு பெட்டிகூட எந்திரிக்கல பெரியம்மா. வந்தவுக பூராம் கேட்டாக, இதையும் நீதான் வெட்டுனியான்னு."

"என்ன சொன்னே?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்ல?"

பத்தாம் நாள் கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். குப்பி அடிபோலத் தடிமன். போட்டதும் வீட்டில் முதலில் செய்த காரியம், பிரித்துப் போட்ட துண்டுகள் இருந்த பையை எடுத்துக் கொட்டியது. நீலத்தில் கண் கூசியது. அப்படி ஒரு நீலம். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றாவது மாறி இருக்கவேண்டும் என்று தேடினேன். ஒன்றும் மாறவில்லை.

வில்லாபுரத்துக்குப் போய் அந்தம்மாவிடம் சொன்னேன். குற்றம் என் கண்ணில், அந்தப் பெண்ணிடம் இல்லை என்று. மருமகள் கைக்குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"இப்ப வந்து சொல்லி என்னத்தா செய்ய?" என்றது அந்தம்மா. "கண்ணாடி நல்லாருக்கு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தேன். ஆமினா வெட்டிய அதே துண்டுகளை எடுத்து ஒரு போர்வை தைத்தேன். ஒவ்வொரு துண்டையும் வீட்டுக்காரரிடம் நிறம் கேட்ட பிறகே சேர்த்தேன். அவர் சோழவந்தானுக்குக் கொண்டுபோனார். மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தார்.

"கோவமா?"

"கோவமில்லையாம். வீட்டுல வைக்க எடமில்லையாம்."

இதே நோய் வந்தவர்களுக்கு மிச்சத்தையும் சொல்கிறேன். பார்வை திரும்பும். ஆனால் பழைய கண் திரும்பாது. கண்ணாடி எல்லாவற்றையும் பெரிதாக, கிட்டத்தில் காட்டும். கை எட்டும் என்று நினைத்த இடத்தில் பொருள் இருக்காது. தம்ளரில் ஊற்றிய தண்ணீர் தரையில் விழும். நிலைக்கால் வில்லாக வளையும். ஊசி கோக்க என்னால் இப்போது முடியாது. தடவித்தான் தைக்கிறேன். காலம்கூட எனக்கு அவள் வெட்டின காலம், நான் வெட்டின காலம் என்று இரண்டாகத்தான் இருக்கிறது.

"எந்திரிச்சிருச்சு" என்று நான் சொல்வதில்லை. இந்தக் கண்ணாடிக்கு எல்லாமே எழுந்துதான் நிற்கிறது. திரும்பி வந்த போர்வை கொடியில் கிடக்கிறது. அது நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நேற்று அதை எடுக்க முற்றத்தில் இறங்கினேன். போர்வையின் நிழல் தரையில் கிடந்தது. படி என்று நினைத்துக் காலைத் தூக்கி வைத்தேன். படி இல்லை, சமதரை. வாசலில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.