மாமாவுக்கு நீளம் பத்தாத வண்டி

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். கையெழுத்தும் கோணல்தான், ஆனால் அதற்கு என் கை மட்டும் காரணமில்லை. வீட்டில் மேசை இருக்கிறது. அதில் உட்கார்ந்து எழுதினால் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள், எனக்குக் கூச்சம். அதனால் சமையலறைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அதற்கு ஒரு கால் விரிசல் விட்டிருக்கிறது. அழுத்தி எழுதினால் அந்தப் பக்கம் சாய்கிறது. இந்த ஸ்டூல் என் மாமனாருக்காக வாங்கியது. அவர் ஒருநாளும் இதன்மேல் உட்கார்ந்ததில்லை. மகனுடைய புது வண்டியில் ஏறுவதற்கு இதை மிதித்தார், அவ்வளவுதான்.

மாமாவிடம் முன்பு ஒரு பழைய பிக்கப் இருந்தது. இரண்டே கதவு. முன்னால் ஒரே நீளமான இருக்கை, அதன் தோல் கிழிந்து பஞ்சு தெரியும். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். உள்ளே சேறு படிந்தால் ரப்பர் குழாயைப் பிடித்து அப்படியே கழுவி விடுவார். பின்னால் இருந்த தொட்டி நீளமானது, சுவர்கள் என் இடுப்பளவுதான், கயிறு கட்ட இரண்டு பக்கமும் கொக்கிகள். லாபிஸைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன எண்ணெய்ச் செம்பனை நிலங்களில் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு போய், பழம் வாங்கும் சீன முதலாளியின், நாங்கள் தௌகே என்போம், கொட்டகையில் கொட்டுவதுதான் எங்கள் தொழில். அவர் ஓட்டுவார், நான் ஏற்றி இறக்குவேன். கூர்முனைக் கம்பியால் குலையைக் குத்தித் தூக்கி, அந்தத் தாழ்ந்த சுவருக்கு மேலே வீச வேண்டும். நான் குட்டை. அவர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், தலை குனியாமல் எங்கள் வீட்டு வாசலில் நுழைய முடியாது. வண்டியில் சாய்ந்து நின்று என்னை வேடிக்கை பார்ப்பார். ஊருக்கு முன்னால் மருமகனை மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அந்த மரியாதையைப் போல என்னைச் சுட்டது வேறெதுவும் இல்லை. "வாங்க மாப்ள, குலை உங்களத் தூக்குதா, நீங்க குலையத் தூக்குறீங்களா? தூரத்துல பாத்தா தெரியல" என்பார். கொட்டகையில் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

தோட்டத்தில் யாராவது இறந்துவிட்டால் அந்த வண்டிதான் போகும். அன்றைக்கு மட்டும் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்வார். தென்னங்குருத்தும் செவ்வந்தியும் கட்டுவோம். பெட்டியை வைத்துப் பின் கதவைச் சாத்தினால் கால்மாட்டில் இன்னும் ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம் இருக்கும். வண்டி நடக்கிறவர்களின் வேகத்துக்கு ஊர்ந்து போகும். பிள்ளைகளும் தம்பிமாரும் தொட்டியின் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டே இடுகாடு வரைக்கும் நடப்பார்கள். அதற்குக் காசு வாங்கமாட்டார். ஆனால் வாயைச் சும்மா வைத்துக்கொள்ளவும் மாட்டார். "குலையும் ஒண்ணுதான், ஆளும் ஒண்ணுதான். பழுத்தா ஏத்திட வேண்டியதுதான்" என்று துக்க வீட்டுக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார். நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம வண்டிக்கு சரியா இருப்ப, பயப்படாத" என்பார். இப்படிப் பேசுகிற மனிதருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தன்னையும் அந்தத் தொட்டியில்தான் ஏற்ற வேண்டும், முன்னால் மகன் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இதைச் சொல்லாத வாரம் இல்லை.

மகன், அதாவது என் மனைவியின் அண்ணன், ஜோகூர் பாருவில் வீடு வாங்கி, தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, இனிமேல் பழம் ஏற்ற வேண்டாம் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புதிய பிக்கப் பார்க்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. நான் செருப்பை வெளியே கழற்றிவிட்டேன், பிறகு யாரும் கழற்றவில்லை என்று பார்த்துத் திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டேன். வண்டிக்கு நான்கு கதவுகள். உள்ளே தோல் இருக்கை, தொலைக்காட்சி போல ஒரு திரை. முகப்பு யாரையோ கடிக்க வருவதுபோல் இருந்தது. உள்ளே ஆள் உட்காரும் இடம் நீண்டிருந்தது, பின்னால் தொட்டி குறுகியிருந்தது. சுவரோ என் நெஞ்சுக்கு மேல். அதன்மேல் பொத்தானை அமுக்கினால் சுருண்டுகொள்ளும் ஒரு மூடி. மாமா ஒரு தடவை சுற்றி வந்து, இதில் எவ்வளவு பழம் ஏறும் என்று கேட்டார். விற்கிற பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான், நல்ல மரியாதையான பிள்ளை. "பழமா? இப்பலாம் அந்த மாதிரி ஏத்துறவங்க வாங்குறது இல்ல அங்கிள். ஃபேமிலியா போறவங்கதான் வாங்குறாங்க. சைக்கிள் ஏத்தலாம், கேம்பிங் போலாம்" என்றாள். மாமா அவளையும் விடவில்லை. "அப்ப இது லாரிக்கு வேசம் போட்ட காருன்னு சொல்லு" என்றார். அவள் சிரித்துவிட்டு, மைத்துனர் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாங்குகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

பழைய வண்டியைக் கடைக்காரர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு. அதை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு காலையில் அவர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தபோது, வண்டி நின்ற இடத்தில் கயிறும் படுதாவும் கூர்முனைக் கம்பியும் தரையில் கிடந்தன. மழை பெய்து ஓய்ந்த சிமெண்டில் வண்டி நின்ற இடம் மட்டும் காய்ந்து நீள்சதுரமாகத் தெரிந்தது. அவர் வாய் நிறைய நுரையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த நீள்சதுரத்தின் நடுவில் துப்பிவிட்டு உள்ளே போனார். கயிற்றையும் படுதாவையும் நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

புது வண்டி வந்த அன்று பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மாமா மூடியைத் திறக்கச் சொன்னார். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்க, என் தோளைப் பிடித்து ஏறி, தொட்டிக்குள் மல்லாந்து படுத்தார். தலை முன்பக்கம், மூடி சுருண்டுகொள்ளும் பெட்டியில் முட்டியது. பாதம் இரண்டும் பின் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே படுத்தபடி மகனைப் பார்த்து, "ஏன்டா, கால மடக்கி வைப்பீங்களா, வெட்டி வைப்பீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ளைக்குக் கவலையில்ல. அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு. குறுக்க கூட படுக்கலாம்." சிரிப்பு இன்னும் கூடியது. அன்றிரவு என் மனைவி அண்ணனிடம் தனியாகச் சொன்னாள், அப்பா சொன்னது விளையாட்டில்லை, நிஜமாகவே இடம் பத்தாது என்று. அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் லா என்று அவர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் இந்த ஸ்டூல் வந்தது. வண்டி அவ்வளவு உயரம், மாமாவின் கால் அவ்வளவு மோசம். மைத்துனர் சிகாமட்டில் இதை வாங்கி, பின் இருக்கைக்குக் கீழே வைத்தார். எடுத்து வைக்கிற வேலை எனக்கு. மைத்துனர் ஊருக்கு வரும் ஒவ்வொரு வார முடிவிலும் கோயிலுக்கு முன்னால், கிளினிக்குக்கு முன்னால், கல்யாண மண்டபத்துக்கு முன்னால் நான் முதலில் குதித்து இறங்கி ஸ்டூலைத் தரையில் வைப்பேன். மாமா ஒரு கையால் கதவையும் ஒரு கையால் என் தலையையும் பிடித்துக்கொண்டு, காலை இறக்கித் துழாவுவார். பாதம் ஸ்டூலைத் தேடும் அந்த நேரம் முழுக்க வாசலில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழம் கொட்டுகிற இடத்தில் கூட வேலை செய்த ஒருவர், "ராஜா இறங்குறாரு, வழி விடுங்க" என்று ஒருமுறை குரல் கொடுத்தார். இத்தனை வருடம் ஊரை நக்கல் செய்தவரை ஊர் இப்போது நக்கல் செய்தது. அவரும் என்னைப் போலவே சிரித்து வைத்தார். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்று எழுதினால் அது பொய். மைத்துனருக்கும் நாக்கு அப்பாவுடையதுதான். செருப்பை உதறிவிட்டு ஏறுங்கள், இது பழம் ஏற்றுகிற வண்டி இல்லை என்பார். மாமா வெறுங்காலோடு ஏறி, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெஞ்சு நிமிர்த்தி வண்டி ஓட்டிய ஆள், பின் இருக்கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன்.

மாமா மழைக்காலத்தில் சிகாமட் மருத்துவமனையில் இறந்தார். பெட்டி கொண்டுவந்தவர்கள் தங்கள் வேனும் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், அப்பா ஆசைப்பட்டபடி நம்ம வண்டியில்தான், நான்தான் ஓட்டுவேன் என்று மைத்துனர் அழுதுகொண்டே சொன்னார். அந்த அழுகை உண்மையானது. வண்டியைக் கழுவி மெருகேற்றி, முகப்பில் மாலை போட்டு வைத்திருந்தார். சடங்கு முடிந்தது, தப்பு அடித்தார்கள், பெட்டியைத் தூக்கினோம். மாமா நீளம், பெட்டியும் நீளம். சுவருக்கு மேலே ஏற்ற முடியாமல், பின்பக்கமாக உள்ளே தள்ளினோம். தலைமாடு அந்த மூடிப் பெட்டியில் இடித்து நின்றது. கால்மாடு வெளியே நின்றது. பின் கதவை விரித்தே வைத்து அதன்மேல் பெட்டியைத் தாங்கவிட்டு, கயிற்றால் இழுத்துக் கட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். மைத்துனர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "கேட் மேல வெயிட் வைக்கக் கூடாது லா. அதுல கேமரா இருக்கு" என்றார்.

தப்பு நின்றுவிட்டது. சரி, சாய்த்து வைத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, எனக்கு உயரம் பத்தாததால் இந்த ஸ்டூலைப் போட்டு அதன்மேல் நின்று கால்மாட்டைத் தூக்கினேன். பெட்டியின் பாரம் என் மேல் இறங்கியதும் ஸ்டூலின் கால் ஒன்று விரிந்தது. நான் சரிந்தேன், பெட்டி ஓரமாக வழுக்கி, வண்டியின் பக்கவாட்டில் கிரீச்சென்று உரசியது. மற்றவர்கள் பாய்ந்து பெட்டியைப் பிடித்தார்கள். மைத்துனரும் பாய்ந்தார். அவருடைய கை பெட்டிக்குப் போகவில்லை. சாயத்தில் விழுந்த கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தது. ஒரு கணம்தான். ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். என் மனைவி தலைவிரிகோலமாக நின்றவள், கத்தாமல் சாதாரணமாகக் கேட்டாள்: "கோடு ஆழமா விழுந்திருச்சா அண்ணே? வேணும்னா அப்பாவ எறக்கிரலாம்."

இறக்கினோம். துக்கத்துக்கு வந்திருந்த பழக்கொட்டகைத் தௌகே யாரையும் கேட்காமல் கைப்பேசியில் பேசினார். ஆலையில் பழம் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய லாரி வந்து நின்றது. கழுவ நேரமில்லை, மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் வீட்டுக்கு ஓடி மாமாவின் பழைய படுதாவைக் கொண்டுவந்து விரித்தேன். பெட்டி உள்ளே போனது, இன்னொரு பெட்டிக்கும் இடமிருந்தது. சுவர் உயரம், கை வைத்து நடக்க யாருக்கும் எட்டவில்லை. நான் மட்டும் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தேன். படுதாவுக்குக் கீழேயும் மூலைகளிலும் உதிரிப் பழங்கள் கிடந்தன. வளைவு வரும்போதெல்லாம் அவை உருண்டு வந்து பெட்டியில் டொக் டொக்கென்று மோதின. குலையும் ஒண்ணுதான், ஆளும் ஒண்ணுதான் என்று அவர் சொன்னது, சொன்னபடியே அவருக்கு நடந்தது. பின்னால் மைத்துனர் மாலை போட்ட புது வண்டியில் விளக்கு மின்ன வந்தார். தொட்டியின் மூடி மூடியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

இந்தத் தீபாவளிக்கு மைத்துனர் அதைவிடப் புதிய வண்டியில் வந்தார். இன்னும் உயரம், முகம் இன்னும் கோபம், தொட்டி அதேபோல் குட்டை. வாசலில் நிறுத்திவிட்டு, "மச்சான், இத பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். கதவைத் திறந்தார். வண்டியின் அடியிலிருந்து ஒரு படி தானாக நீண்டு வெளியே வந்தது. சாத்தினார், உள்ளே போய்விட்டது. திரும்பத் திறந்தார், திரும்ப வந்தது. அவருக்கு முழங்காலில் ஒரு குறையும் இல்லை. "ஸ்டூலே தேவையில்ல லா. அப்பா இருந்திருந்தா ரொம்ப சந்தோசப்பட்டிருப்பாரு" என்றார். நான் வழக்கம்போல் சிரித்து வைத்தேன். என் மனைவி பலகாரத் தட்டோடு வந்தவள், அந்தப் படியைப் பார்த்துவிட்டு, தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

மைத்துனர் போன பிறகு அவள் இந்த ஸ்டூலைக் குப்பையோடு வெளியே வைத்தாள். நான் எடுத்துவந்துவிட்டேன். விரிசல் விட்ட காலுக்குக் கீழே இப்போது ஒரு அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கடைசி நாலைந்து வரிகள் மட்டும் கொஞ்சம் நேராக இருக்கும்.

லாபிஸ், 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.