அலமாரிக்குள் ஒரு விளக்கு

பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டு நான் கையெழுத்திட்ட முதல் வரைபடம், ஒரு பேருந்து ஓட்டுநரின் புதுப் படுக்கையறைக்கானது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்றதும், அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். அப்படித்தான் பழக்கமானோம்.

விளக்கு எங்கெங்கே வேண்டும் என்று கேட்டேன். அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"விடியுறதுக்கு முன்னாடி முதல் பஸ் எடுக்கணும் தம்பி. என் தூக்கம் கெட்டுடும்னு லைட்டே போடமாட்டாரு. இருட்டுல அலமாரியைத் தடவி, கர்சீப்புன்னு என் ஜாக்கெட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு. டிப்போவுல எல்லார் முன்னாடியும் அதுல மூஞ்சி துடைச்சிருக்காரு."

"துவைச்ச ஜாக்கெட்தானே," என்றார் ஓட்டுநர்.

சிரித்து முடித்ததும் வழி கிடைத்தது. அலமாரிக்கு உள்ளே, திறந்தால் மட்டும் எரியும் சின்ன விளக்கு. வெளிச்சம் கட்டில் பக்கம் வராதபடி கதவைத் திருப்பி வரைந்தேன்.

சுவர்ப்பூச்சு காய்வதற்குள் அந்த அக்கா மாரடைப்பில் போய்விட்டார்.

விளக்கு மாட்டும் நாளில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணே, இனிமே பெரிய லைட்டே போட்டுக்கலாமே. அலமாரிக்குள்ள எதுக்கு?"

வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வரைஞ்சபடியே இருக்கட்டும் தம்பி."

இன்றும் முதல் பேருந்தை எடுப்பவர் அவர்தான். பெரிய விளக்கைப் போடாமல், அலமாரி வெளிச்சத்தில் சட்டை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்.