சைவம் என்று எழுதியவர்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தபோது, ஷெட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார். இலங்கைத் தமிழர், சாமல்பட்டிப் பக்கம் அகதி முகாமில் குடும்பம். கேட் பாஸ் படிவத்தில் மதம் என்ற இடத்தில் 'சைவம்' என்று எழுதியிருந்தார். மத்தியானம் கேன்டீனில் பார்த்தால் மீன் குழம்பு.

"சைவம்னு எழுதிட்டு மீனை வெளுத்து வாங்குறீங்களே அண்ணே" என்றேன்.

அவர்கள் ஊரில் இந்து என்பதற்கு அதுதான் சொல்லாம். விளக்கிய பிறகும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கல்யாணமான புதிதில் மனைவியோடு வள்ளத்தில் வந்தவர். படகை அவர் வள்ளம் என்பார். பதினைந்து வருஷமாகியும் முகாமில் தலை எண்ணும் நாளில் போய் நிற்க வேண்டும், தவறினால் பதிவிலிருந்து பெயர் போய்விடும். உள்ளூர்ப் பெயிண்டர்களைக் கம்பெனி நிரந்தரமாக்கியது. இவரிடம் இந்த நாட்டுக்காரர் என்று காட்ட ஒரு காகிதம் இல்லை.

ஒருநாள் பேப்பர் துண்டோடு வந்தார். பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துக்களுக்கு வடக்கே எல்லை மாவட்டங்களில் கலெக்டரே குடியுரிமை கொடுக்கலாம் என்று அதில் இருந்தது.

"நானும் இந்துதானே தம்பி. ஒரு மனு எழுதித் தாங்கோ."

எழுதினேன். 'நான் பிறப்பால் இந்து' என்பதுதான் முதல் வரி. குடும்ப விவரத்துக்கு வந்தபோது மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"அவ வேதக்காரி" என்றார். கிறிஸ்தவர் என்று அர்த்தம்.

"அவங்களைச் சேர்த்தா உங்க மனுவும் சிக்கிக்கும்ணே. முதல்ல உங்களுக்குக் கிடைக்கட்டும்." சொன்னது நான்தான். அவர் காகிதத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்துக்கு இருவருமாகப் போனோம். குமாஸ்தா மனுவை முழுக்கப் படித்தார்.

"இது பாகிஸ்தான்ல இருந்து வந்தவங்களுக்குங்க. இவுரு பாஸ்போர்ட் இல்லாம படகுல வந்தவரு. சட்டப்படி கள்ளத்தனமா நுழைஞ்ச கணக்குங்க."

"இந்துன்னு எழுதியிருக்கே?" என்றேன்.

"அதுக்கு நான் என்னங்க பண்றது?" மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்கோ மதம் பார்த்துக் கதவைத் திறக்கிறார்கள். இங்கே அந்த மதமும் செல்லவில்லை. அரசாங்கத்தை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். ஆனால் மதம் பார்த்து ஒருவரை வெளியே நிறுத்தும் வேலையை எனக்கு எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை. நானாகவே செய்திருந்தேன்.

முகாமில் அவர் மனைவி எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு மனுவை வாங்கிப் படித்தார். முடித்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கணவர் தலை நிமிரவில்லை. மனைவி என்னைத்தான் பார்த்தார்.

"நானும் அதே வள்ளத்திலதானே வந்தனான், தம்பி."