வார்னிஷில் முக்கியெடுத்த புகைக்குழாய்

முதலியார்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் அரிகிருஷ்ணனிடம் புகை பிடிக்கும் பைப்பு ஒன்று இருக்கிறது, அது செத்தவன் எலும்பில் செய்தது, தானாகவே புகைகிறது என்று சித்தி எனக்குப் போனில் சொன்னாள். அவளுக்குச் சொன்னது மீன்காரம்மா. மீன்காரம்மாவுக்குச் சொன்னது யாரோ. பாரீசுக்கு வெளியே ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரை விட்டு இருப்பவனுக்கு எந்தச் செய்தியிலும் முதலில் காதில் விழுவது சாவுதான்.

ஆடி மாதம் லீவில் வந்தபோது வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்து கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன்.

"வாங்க மெசியே" என்று பிரெஞ்சில் ஐயா போட்டுக் கூப்பிட்டாள் அரிகிருஷ்ணனின் மனைவி துர்கா. "மோட்டாரக் குடுக்க வந்தீங்களா, பைப்பப் பாக்க வந்தீங்களா? மோட்டார்னா நாளாவும். பைப்புன்னா இப்பவே எடுத்துக் காட்டுவாரு."

அரிகிருஷ்ணன் அறுபதைத் தாண்டிய மனிதர். தினமும் காலையில் அரியாங்குப்பத்திலிருந்து பாலத்தைத் தாண்டி மொபெட்டில் வருவார். விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பி அறுத்த தழும்பு. பிரான்சிலிருந்து யார் வந்தாலும் அந்தப் புகைக்குழாயைத் துணியிலிருந்து பிரித்துக் காட்டி, ஒரே கேள்வியைக் கேட்பார். என்னிடமும் கேட்டார்.

"பிரான்சு மரம்தானே தம்பி இது?"

அவருடைய அண்ணன் இராமதாஸ் டூரிஸ்ட் விசாவில் அங்கே போய்த் திரும்பாதவர். காகிதம் இல்லாத இரண்டு பேர், மூன்றாவது ஆள் ஒருவனின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு மாறி மாறி வேலைக்குப் போவது அங்கே உண்டு. அந்த அட்டையைக் கார்த்து என்பார்கள் நம்மவர்கள். நம் முகமெல்லாம் ஒன்றுபோல இருப்பதாக வெள்ளைக்காரர்கள் நினைப்பது அதற்கு வசதி. இராமதாசும் காரைக்கால்காரர் ஒருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே கார்த்தில், ஒரே ஓட்டலில் பாத்திரம் கழுவினார்கள். போன குளிர்காலத்தில் அவர்களில் ஒருவர் தெருவில் விழுந்து இறந்தார். கார்த்தில் இருந்த பெயரிலேயே அடக்கம் நடந்தது. மற்றவர் பயந்து எங்கோ போய்விட்டார். இறந்தவரின் கோட்டுப் பையில் இருந்த இந்தப் பைப்பை, அந்த ஓட்டலுக்குப் புதிதாக வந்த ஒருவர், ஓட்டலில் இருந்த விலாசத்தை வைத்து, ஊருக்கு வரும்போது இங்கே கொண்டுவந்து கொடுத்தார். அவர் இருவரில் யாரையும் பார்த்ததில்லை, இறந்தது எவர் என்று அவருக்கும் தெரியாது.

"எங்க அண்ணன் பீடி கூடத் தொட்டதில்ல. இது அந்தக் காரைக்கால் ஆளோடது. கடையில வாங்குனது" என்றார் அரிகிருஷ்ணன். அப்படியென்றால் இறந்தது அந்த ஆள், அண்ணன் உயிரோடு எங்கோ இருக்கிறார். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கெட்டி ரப்பரில் செய்த கருப்பு வாய்ப்பகுதியில் தேய்ந்துபோன ஒரு முத்திரை இருந்தது. படம் எடுத்து, எங்கள் பக்கத்தில் பைப்பு பழுது பார்க்கும் கிழவருக்கு அனுப்பினேன். வாய்ப்பகுதி பிரான்சின் ழூரா மலைப்பக்கத்துச் சின்னப் பட்டறை ஒன்றில் செய்தது, அறுபது வருஷமாவது இருக்கும், அந்தப் பட்டறையின் பெயர் தனக்கே நினைவில்லை என்று பதில் வந்தது. ஆனால் புகையிலை போடும் கிண்ணம் வேறு, யாரோ கையால் செதுக்கியது. அங்கே இதற்கென்றே ஒரு புதரின் வேர்க்கட்டை உண்டு, புருயேர் என்று பெயர். அதுவாக இருந்தால் பறவைக் கண் மாதிரிப் புள்ளிகள் தெரிய வேண்டும், மேலே என்ன பூசித் தொலைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

"என்னண்ணே பூசுனீங்க?"

"காயிலுக்கு ஊத்துற வார்னிஷ்தான். பூச்சி அரிக்கக் கூடாதுல்ல."

"வந்த அன்னிக்கே முக்கிட்டாரு" என்றாள் துர்கா. "கையில வாங்குனாரு, நகத்தால சுரண்டுனாரு, மோந்து பாத்தாரு. நேரா டப்பாவுல முக்கிட்டாரு."

"நீ போயி அந்த மோட்டாரக் கழட்டு."

"நான் ஏன் கழட்டணும்? அண்ணன் தம்பி பாகம் பிரிக்கறப்ப மதில் கட்டணும்னு வீட்டுல நின்ன பூவரச மரத்த வெட்டுனது நீங்க. பிரான்சு போறப்ப பொட்டியில இருந்த துணிய எடுத்துப் போட்டுட்டு அந்த மரத்துக் கட்டை ஒண்ண வச்சு எடுத்துக்கிட்டுப் போனது உங்க அண்ணன். நான் என்ன பண்ணேன்?"

நான் வாய்ப்பகுதியைத் திருகிக் கழற்றினேன். அது பொருந்தியிருந்த துளைக்குள் வார்னிஷ் இறங்கவில்லை. உள்ளே மரம் செம்பழுப்பாக இருந்தது. ஊசியால் ஒரு சிராய் எடுத்தேன். அவர் தடுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. என்னோடு படித்த ஹேமலதா கல்லூரியில் மரங்களை நுண்ணோக்கியில் பார்த்து இனம் சொல்பவள். சிராயை அவளிடம் கொடுத்து, பூவரசா புருயேரா என்று அரிகிருஷ்ணனுக்கே சொல்லிவிடு என்று அவருடைய நம்பரைக் கொடுத்தேன்.

ஆடி அமாவாசையன்று அவரோடு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனேன். எள்ளும் தண்ணீருமாகக் கையை நீட்டிக்கொண்டு அப்பா பெயரைச் சொன்னார், தாத்தா பெயரைச் சொன்னார்.

"வேற யாராச்சும் இருக்காங்களா?" என்றார் ஐயர்.

"இல்ல சாமி." கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மோட்டாரை வாங்கப் போன அன்று, பலகை மேல் இருந்த அவர் போன் அடித்தது. எட்டி நம்பரைப் பார்த்தேன்.

"ஹேமலதாதான். எடுங்கண்ணே."

அவர் கழிவுப் பஞ்சை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"தம்பி, எங்க அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் காரைக்கால் ஆளுக்குச் செதுக்கிக் குடுத்திருக்கலாம், இல்ல?"

நான் துர்காவைப் பார்த்தேன். அவள் என் மோட்டாரைத் தூக்கி என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடிக்க ஆரம்பித்தது. செம்புக் கம்பித் துண்டுகளுக்கு நடுவே போன் அதிர்ந்து அதிர்ந்து பலகையின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவர் பஞ்சைக் கீழே வைக்கவில்லை.